வந்த பாத்திரத்தை வெறுமனே அனுப்பக் கூடாது, சரி. என்ன வைக்கலாம்? எவ்வளவு? எப்போ?

பழையாற்றங்கரை (இழை தொடக்கம்)

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் புதுசா குடிவர்றவங்க எல்லாரும் கேக்கிற கேள்வி இது. ஒரே இடத்தில் தொகுத்து வைப்போம்.

குடிவந்த மூணாம் நாளே பக்கத்து வீட்டு அக்கா ஒரு கிண்ணம் உள்ளித்தீயல் (சின்ன வெங்காயக் குழம்பு) கொடுத்துவிடுவாங்க. அடுத்த வாரம் எதிர்வீட்டில இருந்து மரச்சீனியும் (கப்பக்கிழங்கு) மீன்கறியும் வரும். ஓணத்துக்கு ஒரு வீடு, கிறிஸ்துமஸுக்கு ஒரு வீடு, ரமலானுக்கு நோன்புக் கஞ்சி. பாத்திரம் அடுக்களையில சேர்ந்துகிட்டே இருக்கும். வெறும் பாத்திரம் திருப்பக் கூடாதுங்கிறது எல்லாருக்கும் தெரியும். எதை வைக்கிறதுன்னு தெரியாம சிலர் கடையில கால் கிலோ இனிப்பை வாங்கி வச்சு அனுப்பிடுறாங்க. வீட்டில வடிச்சு வறுத்து அரைச்சுக் கொடுத்தவங்களுக்குக் கடை டப்பாவைத் திருப்பினா, "கணக்கை முடிச்சாச்சு"ன்னு சொன்ன மாதிரி ஆகிடும்.

செய்து பழகினவங்க எழுதுங்க. அளவு, பக்குவம், எது எத்தனை நேரம் தாங்கும், எங்கே சொதப்பும்னு இருந்தா நல்லது.

சிரட்டைக்கரி

முதல்ல ஒரு காரியம் மனசில ஆகணும். நம்ம ஊர்ப் பண்டம் எத்தனை நேரம் தாங்கும்னு தீர்மானிக்கிறது தேங்காயாக்கும். தேங்காய் எந்த நிலையில உள்ளே போயிருக்குன்னு பாத்தா மதி (போதும்), பாக்கி எல்லாம் தெளிஞ்சிரும்.

பச்சைத் தேங்காயை அரைச்சோ சதைச்சோ போட்டது: அவியல், துவரன் (தேங்காய் போட்ட பொரியல்), சம்மந்தி (துவையல்). ஈரமும் இனிப்பும் அப்படியே இருக்கும். நம்ம ஊர் உப்புக்காத்துப் புழுக்கத்தில நாலு மணி நேரத்துக்குள்ள தின்னு தீக்கணும். காலையில பத்து மணிக்கு வச்ச அவியலை மத்தியானச் சோத்துக்குக் கொடுக்கலாம், ராத்திரிக்குன்னு கொடுக்கப்படாது. அவியலுக்குத் தயிர் ஊத்துற வீடும் உண்டு, புளியோ மாங்காயோ போடுற வீடும் உண்டு. தயிர் ஊத்தினது இன்னும் சீக்கிரம் புளிக்கும்.

தேங்காய்ப்பால்: ஓலன், சில வீட்டு எரிசேரி, பாயசம். தலைப்பால் ஊத்தி இறக்கினதை மறுபடி தளதளன்னு கொதிக்க விட்டா திரிஞ்சுபோகும். அதனால வாங்கினவங்க சூடுபண்ணிச் சேமிக்கவும் வழியில்ல. அன்னைக்கே, நேரத்துக்கே.

வறுத்த தேங்காய்: தீயல். வறுக்கும்போது ஈரம் போயிரும், கூடப் புளியும் இருக்கு. அதனால காலையில வச்ச தீயல் ராத்திரி வரைக்கும் நிக்கும். ராத்திரி ஒருக்கா கொதிக்க வச்சு, ஆறினதும் ஃபிரிட்ஜில வச்சா ரெண்டு நாள். பக்கத்து வீட்டுக்குக் கொடுக்க இதைவிட நல்ல குழம்பு இல்ல, மறுநாள் ருசி கூடவும் செய்யும்.

வறுத்த தேங்காயும் பாகும்: முந்திரிக்கொத்து. ரெண்டு வாரத்துக்கு மேல போகும்.

நாலு பேருக்குத் தீயல் அளவு: தொலிச்ச சின்ன உள்ளி கால் கிலோ, அரைமூடித் தேங்காய்த்துருவல், வத்தல் மிளகு (காஞ்ச மிளகாய்) ஆறு, கொத்தமல்லி ரெண்டு ஸ்பூன், நல்லமிளகு (கறுப்பு மிளகு) பத்து மணி, வெந்தயம் கால் ஸ்பூன், நெல்லிக்காய் அளவு புளி, தேங்காயெண்ணெய் ரெண்டு ஸ்பூன். தேங்காயைச் சின்னத் தீயில பன்னிரண்டு முதல் பதினஞ்சு நிமிஷம், கையெடுக்காமக் கிண்டணும். காப்பிக்கொட்டை நிறம் வரணும். அதுக்கு முன்னால இறக்கினா சாறு வெளுத்து, சாயங்காலமே புளிச்ச வாடை வரும். ஒரு நிமிஷம் கூடிப்போனா கரிஞ்சு கசக்கும், அந்தக் கசப்பை எதைப் போட்டும் எடுக்க முடியாது. மல்லி, மிளகு, வெந்தயத்தைத் தேங்காய் பாதி சிவந்த பிறகு போடணும். முதல்லயே போட்டா அது கரியும், தேங்காய் பச்சையா நிக்கும். அரைக்கும்போது முதல்ல தண்ணி விடாம எண்ணெய் கசியும் வரை ஓட்டி, பிறகு கொஞ்சம் தண்ணி. உள்ளியைத் தனியா எண்ணெயில நல்லா வதக்கிப் புளித்தண்ணியில வேகவச்சு, கடைசியில அரைப்பைச் சேத்து, எண்ணெய் மேல தெளியும்போது இறக்கணும்.

வேளிமலைச்சாரல்

சிரட்டைக்கரி அண்ணே, அவியல் காலையில வந்திருக்கு, வீட்டில எல்லாரும் வேலைக்குப் போயாச்சு, சாயங்காலந்தான் வருவாங்க. தூரப் போடணுமா?

சிரட்டைக்கரி

வந்த உடனே ஃபிரிட்ஜில வச்சா போட வேண்டாம். சாயங்காலம் எடுத்து ஆவி பறக்கச் சூடாக்கணும், வெதுவெதுப்புப் போதாது. மேசை மேல எட்டு மணி நேரம் கிடந்ததுன்னா கொட்டத்தான் வேணும். நுரை தட்டினாலோ, கரண்டியில இழுத்தா நூல் மாதிரி வந்தாலோ மோந்து பாத்து யோசிக்க வேண்டாம்.

கொடுக்கிறவங்களும் "மத்தியானத்துக்குள்ள சாப்பிட்டுருங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லணும். அதில குறைச்சல் ஒண்ணும் இல்ல.

குளச்சல்_வாடைக்காத்து

மீன் பற்றி எழுதுகிறேன், ஏனென்றால் இங்கேதான் தப்பு அதிகம் நடக்கிறது.

சாளை (மத்தி), அயிலை (கானாங்கெளுத்தி), சூரை மூன்றும் வெயிலில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்கிற பொருள் உருவாகும். வேகவைத்தாலும் அது போகாது. சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள் முகம் சிவக்கும், அரிக்கும், தலை இடிக்கும். பலர் அதை மீன் ஒவ்வாமை என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆகவே பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கப் போகும் மீன்கறிக்கு, வாங்கியதிலிருந்து ஐஸில் இருந்த மீனையே எடுக்க வேண்டும். மத்தியானம் வரை தெருவில் கூடையில் சுற்றிய சாளையைத் தன் வீட்டோடு நிறுத்திக்கொள்வது உத்தமம். உண்மையில் தன் வீட்டுக்கும் வேண்டாம்.

மீன்கறி மறுநாள்தான் ருசி என்பது சரி, புளி உள்ளே இறங்கும். ஆனால் ராத்திரி முழுக்க அடுப்பங்கரைத் திண்ணையில் மூடி வைத்துவிட்டு மறுநாள் கொடுப்பது சரியல்ல. ராத்திரி கொதிக்க வைத்து, ஆறவைத்து, குளிரில் வைத்து, காலையில் மீண்டும் கொதிக்க வைத்துக் கொடுக்க வேண்டும். கரண்டி போட்டுக் கிளறினால் சாளை உடையும். சட்டியைத் துணியால் பிடித்துச் சுழற்றினால் போதும்.

இன்னொன்று. நம் மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த நாள்களில் நாட்டுப்படகு மீன் மட்டும்தான், விலையும் ஏறும். அப்போது ஒரு வீடு நாலு துண்டு சீலா கொடுத்துவிட்டால் மற்ற நாள் கொடுத்ததுபோல் எண்ணக் கூடாது. நெத்தோலிக் கருவாட்டைத் திருப்பி அனுப்பி ஈடுகட்டிவிட்டதாகவும் நினைக்கக் கூடாது.

அண்டிப்பருப்பு

முந்திரிக்கொத்துக்கு அளவு கேட்டு எப்பவும் யாராவது வருவாங்க, இப்பவே எழுதிடுறேன். பேர்ல முந்திரி இருந்தாலும் உள்ளே அண்டிப்பருப்பு கிடையாது. சிறுபயறு உருண்டையை மூணு மூணாச் சேத்து முக்கிப் பொரிக்கிறதால கொத்து.

சிறுபயறு 1 கிலோ, சர்க்கரை (நான் சொல்றது அச்சுவெல்லம், வெள்ளைச்சீனி இல்ல) 1 கிலோ, நல்லா விளைஞ்ச தேங்காய் 2, எள்ளு 100 கிராம், ஏலக்காய் 10, சுக்குப்பொடி ஒரு ஸ்பூன். மேல்மாவுக்குப் பச்சரிசி மாவு அரைக்கிலோ, மஞ்சள்பொடி அரை ஸ்பூன், உப்பு. பொரிக்கத் தேங்காயெண்ணெய் ஒரு லிட்டர். நெல்லிக்காய் பருமன்ல உருட்டினா ஏறக்குறைய ஐம்பது கொத்து வரும்.

பயறை வாசம் வரும் வரை வறுத்து, ஒடைச்சு, தொலியைப் புடைச்சு எடுத்து, ரவை பதத்துக்குப் பொடிக்கணும். நைசா மாவாக்கினா தின்னும்போது மேலண்ணத்தில ஒட்டும். தேங்காய்த்துருவலை ஈரமே இல்லாம, கையில எடுத்தா மணல் மாதிரி உதிரும் வரை வறுக்கணும். பத்துக்கு எட்டு வீட்டில கொத்து பூசணம் பிடிக்கிறது இந்த இடத்திலதான். வெளியே மொறுமொறுன்னு இருக்கும், அஞ்சாம் நாள் உடைச்சுப் பாத்தா உள்ளே வெள்ளைப் படலம்.

சர்க்கரையில கல்லும் மண்ணும் இருக்கும். ஒண்ணரை டம்ளர் தண்ணியில கரைச்சு, வடிகட்டி, மறுபடி அடுப்பில வச்சுப் பாகு காய்ச்சணும். ரெண்டு விரல்ல தொட்டு இழுத்தா ஒரு கம்பி அறாம நிக்கணும். அதுக்கு முன்னால இறக்கினா உருண்டை எண்ணெயில உடையும். பாகு முத்திப் போச்சுன்னா ஆறினதும் கல்லு. கிழடுகட்டைக பல்லு போயிரும். சூட்டோட சூடா எல்லாத்தையும் கொட்டிக் கிளறி, கை பொறுக்கிற சூட்டில உருட்டணும். ஆறவிட்டா உதிரும். உதிர்ந்தா பயப்பட வேண்டாம், ரெண்டு மூணு ஸ்பூன் கொதிதண்ணி தெளிச்சுப் பிசைஞ்சா பிடிக்கும். ஆனா அந்தக் கொத்து நாள் தாங்காது, அதை வீட்டுக்கு எடுத்து வச்சுட்டு மத்ததை வெளியே கொடுங்க.

உருண்டையை ஒரு ராத்திரி நிழல்ல உலர விடணும். மேல்மாவு தோசைமாவைவிடக் கொஞ்சம் கெட்டி. தண்ணியாப் போனா பயறு வெளியே கசிஞ்சு எண்ணெய் கறுக்கும், அடுத்த ஈடு எல்லாம் கரிப்பொட்டோட வரும். நடுத்தரத் தீ. ஒரு சொட்டு மாவு விட்டா, அடியில போய் உடனே மேல வரணும்.

முழுக்க ஆறின பிறகுதான் டப்பாவில அடைக்கணும். சூட்டோட மூடினா மூடியில வேர்க்கும், அந்த ஒரு துளித் தண்ணி போதும். பக்கத்து வீட்டுக்கு நாலு இல்லேன்னா அஞ்சு கொத்து சரியான அளவு. கிறிஸ்துமஸுக்குச் செய்ற வீடுகள்ல பதினஞ்சு இருபது வீட்டுக்குப் பங்கு போகும், அதுக்கு ரெண்டு கிலோ பயறு வேணும்.

கருப்பட்டிக்காப்பி

அண்டிப்பருப்பு அக்கா, கருப்பட்டிக் கொத்தை விட்டுட்டியளே. தேங்காய்ப்பட்டணம், கருங்கல் பக்கம் கருப்பட்டிதானே?

அண்டிப்பருப்பு

போடலாம். ஆனா கருப்பட்டி ஈரம் இழுக்கும், மழைக்காலத்தில கொத்து நாலு நாள்லயே நமத்துப்போகும். பாதிக்குப் பாதி சேத்தா மணமும் கிடைக்கும், பாகும் நிக்கும். முக்கியமா, கருப்பட்டின்னு சொல்லிச் சீனி கலந்து விக்கிறாங்க. வாயில போட்டா உப்புக்கரிச்ச மாதிரி ஒரு சுவை பின்னால வரணும். வெறும் தித்திப்பு மட்டும் வந்தா அது வேற ஆளு.

தோவாளைப்பிச்சி

சமைக்கத் தெரியாதவர்கள், தனியாக இருக்கும் பையன்கள், வேலை முடித்து எட்டு மணிக்கு வரும் பெண்கள் இவர்களையும் நினைத்துப் பாருங்கள். பாத்திரத்தில் சமைத்ததுதான் வைக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஒரு சீப்பு மட்டிப்பழம் போதும். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் ஊர்ப் பழம், குழந்தைக்கு முதன்முதலாக ஊட்டும் பழம். எந்த வீட்டிலும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். பழுத்துவிட்டால் மூன்று நாள்தான், அதனால் பச்சை விட்டு மஞ்சள் ஏறும்போதே கொடுக்க வேண்டும்.

இரண்டு தேங்காய், ஒரு கைப்பிடி கறிவேப்பிலை, வீட்டு முருங்கைக்காய், தோவாளையில் வாங்கிய ஒரு முழம் பிச்சி, மலைப்பக்கம் உறவு இருந்தால் ஒரு பொட்டலம் கிராம்பு. கன்னியாகுமரி கிராம்புக்கும் 2021இல் குறியீடு கிடைத்திருக்கிறது. இருபது கிராம் கிராம்பு ஒரு வீட்டுக்கு மாதக்கணக்கில் வரும்.

ஒன்றுமே இல்லையா? ஒரு கைப்பிடி சீனி. பழைய வழக்கம் அதுதான்.

மாத்தூர்த்தொட்டிப்பாலம்

கேள்வி: எத்தனை நாளைக்குள் திருப்ப வேண்டும்? அன்றைக்கே திருப்புவது மரியாதை என்கிறார்கள் சிலர்.

பழையாற்றங்கரை

அன்னைக்கே நிறைச்சு அனுப்பினா வட்டிக்கடை மாதிரி ஆகிடும். ஒரு வாரத்துக்குள்ளன்னு வச்சுக்கலாம்.

சிரட்டைக்கரி

எனக்கு அதில ஒப்புதல் இல்ல. பாத்திரம் வேற, பண்டம் வேற. சில வீட்டில இருக்கிறதே மூணு தூக்குவாளி. ஒண்ணைப் பத்து நாள் பிடிச்சு வச்சா பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட முடியாது. ரெண்டு நாளைக்குள்ள பாத்திரம் போகணும், நாலு பழமோ ரெண்டு தேங்காயோ வச்சு. செஞ்ச பண்டம் எப்ப செய்றோமோ அப்ப நம்ம பாத்திரத்தில போகட்டும். அப்பதான் ஒண்ணுக்கு ஒண்ணுன்னு இல்லாம ரெண்டு பக்கமும் போய் வந்துகிட்டு இருக்கும்.

பழையாற்றங்கரை

சரி அண்ணே, இது நல்லா இருக்கு. மேலே உள்ளதை மாத்தி வாசிச்சுக்கோங்க எல்லாரும்.

மாத்தூர்த்தொட்டிப்பாலம்

அளவும் அப்படித்தானா? அவர்கள் ஒரு லிட்டர் பாயசம் கொடுத்தால் நாமும் ஒரு லிட்டரா?

சிரட்டைக்கரி

வேண்டாம். வந்ததைவிடக் கூடக் கொடுத்தா அடுத்த தடவை அவங்க அதைவிடக் கூட்டணும்னு நினைப்பாங்க, ரெண்டு வீட்டுக்கும் பாரம். ஒரு நேரத்துக்கு, ஒரு ஆளுக்கு ரெண்டு கரண்டி. மிச்சம் வந்து வீணாப் போகாத அளவு. அஞ்சு பேர் உள்ள வீட்டுக்கு முக்கால் லிட்டர் தூக்குவாளி மதி.

சக்கைக்குரு

மரச்சீனி பத்தி யாரும் எழுதலையே.

1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா பரப்பின கிழங்கு. பிடுங்கின ரெண்டாம் மூணாம் நாளே உள்ளே நீலக் கோடு ஓடும், வெந்தாலும் கட்டையா நிக்கும். அதனால பச்சைக் கிழங்காக் கொடுக்கிறதா இருந்தா பிடுங்கின அன்னைக்குக் கொடுக்கணும், மண்ணோட கொடுத்தா ஒரு நாள் கூடத் தாங்கும்.

வேகவைக்கும்போது கிழங்கு மூழ்கி மேல நாலு விரல் தண்ணி நிக்கணும். மூடாம வேகவச்சு, அந்தத் தண்ணியைக் கொட்டணும். கசப்புக் கிழங்குன்னா ரெண்டு தண்ணி மாத்தணும். கிழங்கில சயனைடு உண்டாக்கிற பொருள் இருக்கு, தண்ணியில கரைஞ்சும் ஆவியாயும் போகும். குக்கர்ல கொஞ்சத் தண்ணி விட்டு அடைச்சு வேகவைக்கிறது சரியில்ல. உப்பைக் கிழங்கு வெந்த பிறகு போடணும், முதல்ல போட்டா சில கிழங்கு வேகவே வேகாது.

அவிச்ச கிழங்கு ஆறினா ரப்பராகும். கொடுக்கிற வீட்டுக்குப் போன் பண்ணி, அவங்க சாப்பாட்டுக்கு உக்காரும்போது கொடுக்கணும். தேங்காய், சீரகம், பச்சைமிளகு, உள்ளி சதைச்சுப் போட்டு மயக்கினதுன்னா சூடு கொஞ்சம் கூட நேரம் நிக்கும், ஆனா பச்சைத்தேங்காய் சேந்தாச்சு, சிரட்டைக்கரி சொன்ன கணக்கு வந்திரும்.

சக்கை (பலா) காலத்தில முழுச் சக்கையை வாசல்ல கொண்டு வச்சுட்டுப் போகாதீங்க, வெட்டத் தெரியாத வீட்டுக்கு அது தண்டனை. கையில தேங்காயெண்ணெய் தடவி, வெட்டி, சுளை எடுத்து, குருவைத் தனியாக் கொடுங்க. குருவைக் கழுவி உலர்த்தி மண்ணுல போட்டு வச்சா ரெண்டு மாசம் இருக்கும்.

வாசல்திண்ணை

வீட்டுக்கு வீடு நாள் பார்த்துக் கொடுக்க வேண்டியவை சில உண்டு. தெரியாமல் கொடுத்தால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள், ஆனால் பண்டம் அவர்கள் வீட்டில் தொடாமல் கிடக்கும்.

கார்த்திகை ஒன்றாம் தேதி மாலை போட்ட வீடுகள் 41 நாள் வெளிச்சமையல் வாங்குவது அபூர்வம். வெட்டாத பழம், நெய்த்தேங்காய்க்கு ஆகும் முற்றிய தேங்காய் கொடுக்கலாம். கண் பகுதியில் ஈரமோ கீறலோ இருந்தால் நெய் கசியும், பார்த்து எடுக்கவும்.

தவக்காலத்தில், முக்கியமாக வெள்ளிக்கிழமைகளில், கத்தோலிக்க வீடுகளுக்கு இறைச்சி வேண்டாம். கோட்டாறு சவேரியார் திருவிழா முடியும் டிசம்பர் 3ஐ ஒட்டியே பல வீடுகளில் பலகார வேலை தொடங்கிவிடும்; அப்போது எண்ணெய்ப் பலகாரம் திருப்பி அனுப்புவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதுதான். அவர்களுக்கு ஒரு சட்டி ரசம் போதும், வயிறு குளிரும்.

நோன்புக் கஞ்சி மாலையில் வரும். தேங்காய்ப்பாலும் வெந்தயமும் சேர்ந்தது, நேரம் ஆக ஆக இறுகும். கொதிதண்ணீர் சேர்த்து அடியோடு கிளறிச் சூடாக்கினால் பழைய பதம் வரும். பச்சைத் தண்ணீர் சேர்க்கக் கூடாது. பாத்திரத்தைப் பழத்தோடு, நோன்பு திறப்பதற்கு அரைமணி முன்னால் கொடுத்தால் அவர்கள் அன்றைக்கே பயன்படுத்துவார்கள். மதுவில் ஊறவைத்த பழம் சேர்த்த கேக் என்றால் முஸ்லிம் வீட்டுக்குக் கொடுக்கக் கூடாது. வாங்கிக் கொடுப்பது என்றால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கொடுக்கவும்.

ஆடிச் செவ்வாய்களில் ஔவையார் நோன்பு. "அசந்தால் ஆடி, தப்பினால் தை, மறந்தால் மாசி" என்பார்கள். அந்த உப்பில்லாக் கொழுக்கட்டை பெண்களுக்குள் மட்டும்தான். ஆண்கள் கண்ணில் காட்டுவதில்லை. பக்கத்து வீட்டில் அரைக்கும் சத்தம் கேட்டது, நமக்கு வரவில்லையே என்று வீட்டுக்கார அண்ணன்மார் நினைக்க வேண்டாம்.

துஷ்டி (சாவு) வீட்டுக்குக் கஞ்சியும் சிறுபயறும் துவையலும். இனிப்பு, பொரித்தது வேண்டாம். பத்து வீட்டிலிருந்து பாத்திரம் வரும் இடம், எது யாருடையது என்று அவர்களைத் தேடவைக்கக் கூடாது. நீங்களே மறுநாள் போய் எடுத்து வந்துவிடுங்கள், கழுவாமல் இருந்தாலும் சரி. அந்தப் பாத்திரம் மட்டும் வெறுமையாக வரலாம்.

விளக்கு வைத்த பிறகு உப்பும் மோரும் கொடுக்காத வீடுகள் இன்னும் இருக்கின்றன. சாயங்காலம் இறைச்சிக்கறி கொண்டுபோகும்போது மேலே ஒரு கரித்துண்டு வைப்பவர்களும் உண்டு. நம்பிக்கை இருக்கட்டும், கரித்துண்டைக் காகிதத்தில் சுற்றி மூடிக்கு மேலே வையுங்கள், குழம்புக்குள் விழுந்து கிடக்கிறது.

வெண்கலஉருளி

பாத்திரம் பத்தி.

ஈயம் பூசாத பித்தளையில புளிசேரி, தீயல், இஞ்சிக்கறி எதையும் வச்சு அனுப்பாதீங்க. புளிப்பில செம்பு இறங்கும், களிம்பு பிடிக்கும், வயித்தைப் புரட்டும். அலுமினியத்திலயும் புளி வேண்டாம். ஐஸ்கிரீம் வந்த பிளாஸ்டிக் டப்பாவில கொதிக்கிற குழம்பு ஊத்துறதைப் பாக்கும்போது பதறும். எவர்சில்வர், இல்லேன்னா கண்ணாடி.

குழம்பைப் பாத்திரத்தில முக்கால் பங்குதான் ஊத்தணும். தூக்குவாளி மூடி ஆடுதுன்னா வாட்டின வாழையிலையை வாயில வச்சு மூடியை அழுத்தினா சிந்தாது. வாட்டாத இலை கிழியும்.

வந்த பாத்திரத்தில மீன்வாடை இருந்தா அரிசி கழுவின தண்ணியில கொஞ்சம் புளி கரைச்சு அரைமணி ஊறவச்சுத் தேச்சு, வெயில்ல காயவைக்கணும். மூடி ரப்பரைத் தனியாக் கழட்டிக் கழுவணும், வாடை அங்கதான் ஒளிஞ்சிருக்கும். சைவ வீட்டுப் பாத்திரத்தில எக்காரணம் கொண்டும் மீன்கறி வச்சுத் திருப்பப்படாது, மூடி மாறிப் போனாலும் பிரச்சினைதான்.

பேர் வெட்டியிருக்கிற பாத்திரம்னா குழப்பம் இல்ல. பேர் இல்லாததுக்கு அடியில நகப்பாலிஷ்ல ஒரு புள்ளி. மூடிக்கும் ஒரு புள்ளி.

செம்பருத்திக்குழல்

உடம்புக்கு ஆகாதது பற்றியும் ஒரு வார்த்தை. வயதானவர்கள் உள்ள வீட்டில் சர்க்கரை நோய் இருக்கும் என்று வைத்துக்கொண்டே கொடுங்கள். "சர்க்கரை போடாத பாயசம்" என்று எதையாவது செய்து அனுப்ப வேண்டாம். அதிலும் அரிசியும் பாலும் இருக்கிறதே. நெல்லிக்காய் அவித்தது, சுண்டல், கீரைத் துவரன், வாழைப்பூத் துவரன் இவை போதும். சிறுநீரக நோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு இளநீர், ஏத்தன்பழம் (நேந்திரம்), மட்டிப்பழம் எல்லாவற்றிலும் பொட்டாசியம் அதிகம், கேட்காமல் கொடுக்கக் கூடாது. ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு ஊறுகாய், கருவாடு, உப்பேரி (நேந்திரங்காய் வறுவல்) இவையும் அப்படித்தான். அண்டிப்பருப்பு, எள், இறால் ஒவ்வாத பிள்ளைகள் இருக்கிறார்கள். பாயசத்தில் பருப்பு அரைத்துச் சேர்த்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது, வாயால் சொல்லிவிடுவது நல்லது.

வேண்டாத பண்டம் வந்தால் "எனக்கு ஆகாது" என்று முதல் தடவையே சொல்லிவிடுங்கள். வாங்கி வாங்கிக் கொட்டினால் என்றைக்காவது குப்பைக்காரர் முன்னால் தெரிந்துவிடும்.

வேளிமலைச்சாரல்

நன்றி எப்படிச் சொல்றது? "ரொம்ப நன்றி அக்கா"ன்னா ஏதோ பேங்க்ல பேசின மாதிரி இருக்கு.

அண்டிப்பருப்பு

நன்றின்னு சொல்ல வேண்டாம், சாப்பிட்டதைச் சொல்லுங்க. "கொள்ளாம், நல்லாருந்து"ன்னு பொதுவாச் சொன்னா பாதிதான். "உள்ளி உடையாம முழுசா வெந்திருந்து", "இளையவன் ரெண்டு தடவை கேட்டு வாங்கித் தின்னான்" இப்படி ஒரு துண்டு வேணும். பாத்திரம் திருப்பும்போது செய்முறை ஒண்ணு கேளுங்க. தேங்காய் எந்த நிறத்துக்கு வறுத்தீங்கன்னு கேட்டாலே அரைமணி நேரம் நிப்பாங்க. அதுக்காகப் பொய்யா "இன்னும் கொஞ்சம் கிடைக்குமா"ன்னு கேக்காதீங்க, நாளைக்கே ஒரு சட்டி வந்து நிக்கும்.

கருப்பட்டிக்காப்பி

எல்லாரும் பெரிசா எழுதியாச்சு. எப்பவும் கையிருப்பா வச்சுக்க ஒண்ணு சொல்லுங்க, பாத்திரம் வந்ததும் எடுத்து வைக்கிற மாதிரி. உப்பேரியா, இஞ்சிக்கறியா?

சிரட்டைக்கரி

உப்பேரி மழையில நமக்கும். தேங்காயெண்ணெய்ல பொரிச்சது மூணு வாரத்துக்குள்ள சிக்கு வாடை தட்டும். இஞ்சிக்கறிதான்.

நார் இல்லாத இளசு இஞ்சி கால் கிலோ, தோல் சீவிப் பொடியா நறுக்கிக் கழுவி, துணியில ஈரம் ஒத்தணும். நூறு மில்லி தேங்காயெண்ணெயில நடுத்தரத் தீயில, முறுகி எண்ணெய்க்குள்ள சலசலக்கும் வரை பொரிச்சு, அரிச்செடுத்து ஆறினதும் ஒண்ணிரண்டாப் பொடிக்கணும். பெரிய எலுமிச்சை அளவு புளியைக் கெட்டியாக் கரைச்சு, மஞ்சள்பொடி, வத்தல்மிளகுப்பொடி ஒண்ணரை ஸ்பூன், உப்பு போட்டுப் பாதியா வத்தவிட்டு, இஞ்சியும் 60 கிராம் அச்சுவெல்லமும் சேக்கணும். எண்ணெய் சுத்திலும் பிரியும்போது கடுகு, வத்தல், கறிவேப்பிலை தாளிச்சுக் கொட்டணும். இஞ்சி சரியா முறுகலேன்னா காட்டம் தொண்டையைப் பிடிக்கும், மூணாம் நாள் நுரைக்கும். புளி பச்சையா நின்னா நாக்கு கூசும்.

கண்ணாடிப் பரணியில ஈரம் படாம வச்சா வெளியே பத்து நாள், ஃபிரிட்ஜில ஒரு மாசம். ஒரு வீட்டுக்கு மூணு ஸ்பூன் வச்சா போதும், கஞ்சிக்குத் தொட்டுக்க ரெண்டு நாள் வரும்.

கருப்பட்டிக்காப்பி

இளசு இஞ்சி இப்ப வடசேரிச் சந்தையில கிடைக்குமா, முத்தினதுதான் பாத்தேன்.

சிரட்டைக்கரி

முத்தின இஞ்சின்னா நறுக்க வேண்டாம், துருவி நாரைப் பிழிஞ்சு எடுத்திருங்க. வெல்லம் இன்னொரு 20 கிராம் கூட்டணும்.